குறைமாதக் குழந்தை பள்ளிக்குப் போகிறது

1995 மார்ச் மாதம் தொடங்கி டிசம்பர் வரை, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்த 276 பிரசவப் பிரிவுகளும் ஒரே பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தன. தாயின் வயிற்றில் 25 வாரம் மட்டுமே, அல்லது அதைவிடவும் குறைவாக இருந்துவிட்டுப் பிறந்துவிடும் ஒவ்வொரு குழந்தையையும் அதில் எழுத வேண்டும். முக்கால் கிலோ அளவே எடையோடு, தோல் வழியே நரம்பு தெரிய, தானாக மூச்சுவிடத் தெரியாமல் வந்து விழும் குழந்தைகள் அவர்கள். தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்டவர்கள் 811 பேர். உயிரோடு வீட்டுக்குப் போனவர்கள் 314 பேர். 'எபிக்யூர்' என்பது அந்த ஆய்வின் பெயர்.

இது போன்ற ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். குழந்தை பிழைத்ததா என்பதுதான் கேள்வி. பதில் தெரிந்ததும் கோப்பு மூடப்படும். எபிக்யூர் குழுவினர் மூடவில்லை. இரண்டரை வயதில், ஆறு வயதில், பதினொன்றில், பத்தொன்பதில் என்று அந்தப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பத் தேடிப் போனார்கள். பதினொரு வயதில் 219 பேரைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஒப்பிடுவதற்காக, நிறைமாதத்தில் பிறந்த வகுப்புத் தோழர்கள் 153 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2009-ல் அந்த முடிவுகள் வெளியாயின. சராசரி மதிப்பெண் 100 என்று வைத்து அளக்கும் சோதனைகள் அவை. பொதுவான அறிவுத்திறனில் இந்தப் பிள்ளைகள் தோழர்களைவிட 20 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். வாசிப்பில் 18 புள்ளி. கணக்கில் 27. நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சிறப்புப் பள்ளிகளில் இருந்தார்கள். வழக்கமான பள்ளிகளில் படித்தவர்களிலும் 57 சதவீதம் பேருக்குக் கற்றலில் ஏதாவது ஒரு தனிக் கவனிப்பு தேவைப்பட்டது.

படித்ததும் மனம் கனக்கும் எண்கள்தான். ஆனால் இதே எண்களை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இவர்கள் குறைமாதக் குழந்தைகளிலேயே கடைசி விளிம்பில் நின்றவர்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் பிறந்திருந்தால் அநேகமாக யாருமே பிழைத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் சாதாரணப் பள்ளிக்கூடத்தில், மற்ற பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு எந்தத் தனி உதவியும் தேவைப்படவில்லை. மீதிப் பேருக்குத் தேவைப்பட்ட உதவி என்ன, அது கிடைத்ததா என்பதுதான் அதற்குப் பிறகு ஆராய்ச்சியாளர்களைத் துளைத்த கேள்வி.

மருத்துவக் கணக்கில் 37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. 28 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகமிகக் குறைமாதம். 28-லிருந்து 32 வாரத்துக்குள் என்றால் மிகக் குறைமாதம். அதற்குப் பிறகு 37 வரை மிதமான குறைமாதம். உலகில் பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 2020-ல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு: அதே ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 32 வாரத்தைத் தாண்டிப் பிறந்தவர்கள். ஓரிரு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, பால் மட்டும் ஒழுங்கா குடுங்க" என்ற பேச்சோடு வீடு திரும்பியவர்கள்.

அந்த வாரங்களில் அப்படி என்னதான் நடக்கிறது? 24-வது வாரத்தில் குழந்தையின் மூளையை ஸ்கேனில் பார்த்தால் அதன் மேற்பரப்பு அநேகமாக வழுவழுப்பாகத் தெரியும். நாம் படங்களில் பார்க்கும் மடிப்புகளும் பள்ளங்களும் பெரும்பாலும் அடுத்த பதினாறு வாரத்தில்தான் உருவாகின்றன. 34-வது வாரத்தில்கூட மூளையின் எடை, நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். நரம்பு இழைகளுக்கு, மின்கம்பிக்கு ரப்பர் உறை போல, கொழுப்புறை அமையப்போவதும் இனிமேல்தான். அந்த உறையைப் பின்னப்போகிற இளம் செல்கள் 23-லிருந்து 32 வாரம் வரை மிகவும் மென்மையான நிலையில் இருக்கும். பிராணவாயு கொஞ்சம் குறைந்தாலும், உடலில் தொற்று ஏறினாலும் முதலில் அடிபடுவது அவைதான். ஆகவே பல குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையில் பெரிய காயம் எதுவும் ஸ்கேனில் தெரியாது. பகுதிகளுக்கு இடையே போகும் இணைப்புகள் மட்டும் சற்று மெலிந்தும் வேகம் குறைந்தும் அமைந்திருக்கும்.

இப்படி அமைந்த மூளையோடு குழந்தை நடக்கும், பேசும், சிரிக்கும், பாட்டுப் பாடும். "ரெண்டு வயசுக்குள்ள எல்லாம் சரியாயிடும்" என்று பாட்டி சொன்னது பலித்துவிட்டதாகவே வீடு நம்பும். ஒரே சமயத்தில் நான்கு விஷயங்களை மனதில் பிடித்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லும் இடம் ஒன்று வரும்வரை வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூடம்தான் அந்த இடம். அதிலும் கணக்குப் பாட வேளை.

கணக்கில் ஏன் இந்தப் பின்னடைவு என்று தனியாகவே ஓர் ஆய்வு நடந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமந்தா ஜான்சன், கணிதக் கற்றலை ஆராயும் கமிலா கில்மோர், விக்டோரியா சிம்ஸ் ஆகியோரின் குழு அதை 'ப்ரிஸம்' என்ற பெயரில் நடத்தியது. 32 வாரத்துக்கு முன் பிறந்த 115 பிள்ளைகளையும் நிறைமாதத்தில் பிறந்த 77 பிள்ளைகளையும், எட்டிலிருந்து பத்து வயதுக்குள், அவர்கள் கணக்குப் போடும் விதத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு எண் என்றாலே என்னவென்று புரியவில்லையோ என்பது முதல் சந்தேகம். டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாட்டில் கோளாறு எண்ணுணர்விலேயே இருக்கலாம் என்ற ஒரு கருத்து உண்டு. இந்தப் பிள்ளைகளிடம் கண்டது வேறு. எண்ணைப் பற்றிய அடிப்படை உணர்வு அவர்களுக்கு இருந்தது. நினைவில் நிறுத்திக்கொண்டே வேலை செய்வதும், கண்ணால் கண்டதை மனதில் இடம் பிரித்து வைத்துக்கொள்வதும்தான் சிரமமாக இருந்தன.

ஒரு சாதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ராமுவிடம் 36 மாம்பழம் இருந்தது, 12 விற்றான், மீதியை மூன்று கூடையில் சமமாகப் போட்டால் ஒரு கூடையில் எத்தனை? இதைப் போடும் பிள்ளை முதலில் 36-ஐ நினைவில் வைக்க வேண்டும். கழித்தால் 24. அந்த 24-ஐ விட்டுவிடாமல், கேள்வியில் இன்னும் என்ன கேட்டார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று கூடை. வகுக்க வேண்டும். குறைமாதப் பிள்ளைக்குக் கழிக்கவும் தெரியும், வகுக்கவும் தெரியும். கேள்விக்குத் திரும்பிப் போய் வருவதற்குள் 24 நழுவிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் டீச்சர் அடுத்த கணக்கைப் போர்டில் எழுதத் தொடங்கியிருப்பார்.

இந்த வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு அல்ல. எண்ணே புரியாத பிள்ளைக்கு எண்ணைச் சொல்லித்தர வேண்டும். எண் புரிந்தும் இடையில் நழுவவிடும் பிள்ளைக்கு, நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு இடம் தர வேண்டும். ரஃப் தாளில் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொள்ளச் சொல்வது, எண்கோடு ஒன்றை மேசையிலேயே ஒட்டிவிடுவது, வாய்ப்பாட்டு அட்டையைக் கையருகில் வைத்துக்கொள்ள விடுவது எல்லாம் அந்த இடங்கள். வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளையை நிற்கவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதால் நினைவு பலப்படாது, பயம்தான் பலப்படும்.

அந்தப் பயமும் இவர்களிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களை நெடுநாள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், டீட்டர் வோல்க் போன்றவர்கள், ஒரே மாதிரியான குணச்சாயல் பலரிடமும் தென்படுவதைக் குறித்திருக்கிறார்கள். கவனம் சிதறும், ஆனால் துறுதுறுப்பு அவ்வளவாக இருக்காது. சின்ன விஷயத்துக்கும் பதறுவார்கள். சேர்ந்து விளையாடும்போது சட்டென்று ஒதுங்கிவிடுவார்கள். வகுப்பில் இதன் விளைவு என்னவென்று யோசித்துப் பாருங்கள். மேசை மேல் ஏறிக் குதிக்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் கவனித்தே ஆக வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல், பாடத்தை விட்டு விலகி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கவனிக்க யாருக்கும் அவசரமில்லை. "நல்ல புள்ள, அமைதியான புள்ள, என்ன, கொஞ்சம் சோம்பேறி" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை பல வருடங்களை விழுங்கிவிடக்கூடியது.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. மருத்துவமனை இந்தக் குழந்தையை வாரம் வாரமாக, கிராம் கிராமாக எண்ணியது. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் வளர்ச்சியைத் திருத்திய வயதில்தான் பார்த்தார்கள். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குப் பத்து மாதம் ஆகியிருந்தால், எட்டு மாதக் குழந்தை என்ன செய்யுமோ அதைத்தான் எதிர்பார்த்தார்கள். இரண்டு வயதானதும் அந்தக் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதி மட்டும்.

தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கிலாந்தில் நன்றாகத் தெரிந்தது. அங்கே ஒரு கல்வியாண்டுக்கான வயதுக் கணக்கு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. நான்கு வயது முடிந்த பிள்ளைகள் அந்தச் செப்டம்பரில் முதன்முதலாக வகுப்புக்குப் போகிறார்கள். 2020 டிசம்பர் 3-ல் பிறக்க வேண்டிய ஒரு குழந்தை 25 வாரத்திலேயே, ஆகஸ்ட் 20-ல் பிறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் அது பள்ளிக்குப் போகிறது. நான்கு வயது முடிந்து இரண்டே வாரம். கருவில் இருந்திருக்க வேண்டிய நாட்களைக் கழித்தால் நான்கு வயதுகூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கோ ஐந்து முடிந்திருக்கலாம். குறித்த நாளில் பிறந்திருந்தால் இந்தக் குழந்தை ஒரு வருடம் கழித்து, 2025-ல்தான் பள்ளி வாசலை மிதித்திருக்கும். ஏற்கனவே பின்தங்க வாய்ப்புள்ள குழந்தையை, சீக்கிரம் பிறந்த ஒரே காரணத்துக்காக, ஒரு வகுப்பு மேலே தூக்கி உட்கார வைக்கிறது காலண்டர். எபிக்யூர் பிள்ளைகளில் இப்படி ஒரு வருடம் முன்னதாகவே பள்ளிக்குப் போனவர்களுக்கு மதிப்பெண் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே இருந்தது; தனி உதவியோ கூடுதலாகத் தேவைப்பட்டது.

அப்படியானால் ஒரு வருடம் தாமதமாகச் சேர்த்துவிட்டால் போதுமா? இங்கிலாந்தில் பல பெற்றோர் இதற்காகப் போராடினார்கள். கோடையில் பிறந்த பிள்ளையை ஒரு வருடம் தள்ளிச் சேர்க்கக் கோரலாம் என்ற வழிகாட்டுதல் இப்போது அங்கே இருக்கிறது. முடிவெடுக்கும்போது குறைமாதப் பிறப்பையும் கணக்கில் கொள்ளலாம் என்கிறது அது. ஆனால் ஜெர்மனியின் பவேரியாவில் கிடைத்த சான்று நம்மை நிதானிக்கச் சொல்கிறது. 1985-86-ல் அங்கே பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், தாமதமாகச் சேர்ந்தவர்களையும் நேரத்தில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகுப்பில் ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டில் வித்தியாசமில்லை. எட்டு வயதில் எல்லோருக்கும் ஒரே சோதனை வைத்தபோது, தாமதமாகச் சேர்ந்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஒரு வருடம் வீட்டில் சும்மா இருப்பதால் மட்டும் மூளை பள்ளிக்குத் தயாராகிவிடாது என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த வருடத்தில் என்ன செய்தார்கள், எப்படிப்பட்ட வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே விதி வைக்க முடியாது.

இதையெல்லாம் ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்கிறார்களா? ஜான்சன் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இதை நேரடியாகவே சோதித்தது. குறைமாதப் பிறப்பு பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும் என்பது பற்றி 33 கேள்விகள். பிறந்த குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் சராசரியாக 26 கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். பள்ளிகளின் கல்வி உளவியலாளர்கள் 17. ஆசிரியர்கள் 15-ஐக்கூட எட்டவில்லை. இதைப் பற்றி ஏதாவது பயிற்சி பெற்றிருந்த ஆசிரியர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர்தான். இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் சராசரியாக இரண்டு மூன்று குறைமாதக் குழந்தைகள் உட்கார்ந்திருக்க, அந்தப் பாடம் மட்டும் ஆசிரியர் பயிற்சியில் இல்லை.

அதனால் அதே குழு ஆசிரியர்களுக்காக ஒரு இணையப் பாடத்தைத் தயாரித்து, 2019-ல் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆசிரியர்களையும் பெற்றோரையும், குறைமாதத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்களையும் கேட்டே அது உருவானது. முடித்த ஆசிரியர்களை மறுபடி அதே கேள்விகளால் சோதித்தபோது மதிப்பெண் வெகுவாக ஏறியிருந்தது. 'தி ஸ்மாலஸ்ட் திங்ஸ்' என்ற தொண்டு அமைப்பு, இந்தப் பயிற்சியை முடித்த பள்ளிகளுக்கு விருது கொடுத்து ஊக்குவிக்கிறது. செலவு அதிகமில்லாத, எந்த நாட்டிலும் செய்யக்கூடிய வேலை இது. தமிழில் இப்படி ஒரு பாடம் வந்தால் நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அதை ஆவலாகப் படிப்பார்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். "நோட்டை எடுங்க, தேதி போடுங்க, பக்கம் முப்பத்திரண்டு, மூணாவது கணக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னால் இந்தப் பிள்ளை நோட்டை எடுத்துவிட்டு விழிக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லி, முடித்ததும் அடுத்ததைச் சொன்னால் எல்லாவற்றையும் செய்துவிடும். வேலையின் படிகளைப் போர்டின் ஓரத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது. போர்டைப் பார்த்துக் காப்பி எழுதுவது இவர்களுக்கு மிகக் கடினம். மேலே பார்த்து, நினைவில் வைத்து, கீழே பார்த்து, இடம் கண்டுபிடித்து எழுத வேண்டும். பலருக்குக் கைவிரல்களின் நுண்ணசைவும் மெதுவாகத்தான் வரும். ஒரு பிரதியை மேசையில் வைத்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுத்தால் ஒன்றாம் இடமும் பத்தாம் இடமும் ஒன்றோடொன்று மோதாது. ஒரே பக்கத்தில் பத்துக் கணக்கு நெருக்கியடித்து இருந்தால், ஒன்றை மட்டும் விட்டு மற்றதைத் தாளால் மூடிவிடலாம்.

கண்ணையும் மறந்துவிடக் கூடாது. 34 வாரத்துக்குள் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைகளுக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியாவில் மருத்துவர்கள் பின்பற்றும் விதி. அந்தச் சோதனையில் தப்பித்தாலும் பின்னாளில் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. போர்டு தெரியாத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று, நேரம். இவர்கள் யோசிக்கும் வேகமே சற்றுக் குறைவு. கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி பொறுத்தால் பதில் வரும், மூன்றாவது நொடியில் "நீ உட்காரு, வேற யார் சொல்றீங்க?" என்றால் வராது. மதியத்துக்கு மேல் களைத்தும் போவார்கள். கடினமான பாடத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

எது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைமாதப் பிள்ளைகளுக்கு நினைவாற்றலில்தான் குறை என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு வைத்து அதைப் பயிற்றுவித்துவிடலாமே என்ற யோசனை பலருக்கும் வந்தது. 'காக்மெட்' என்ற பயிற்சி மென்பொருளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மிகமிகக் குறைமாதத்தில் பிறந்த, ஏழு வயதான 91 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே போலத் தோன்றும், ஆனால் கடினம் ஏறாத விளையாட்டு. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வாசிப்பிலோ கணக்கிலோ இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. மூளையைக் கூர்மையாக்குகிறோம் என்று சொல்லி நம் ஊரில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் வகுப்புகளைப் பார்த்து ஏங்கும் பெற்றோருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

உதவுவது வேறு. பவேரியப் பிள்ளைகளை வைத்து வோல்க் குழு இன்னொன்றையும் கண்டது. ஆறு வயதில் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது, பிள்ளை தடுமாறினால் பிடுங்கிச் செய்துவிடாமல், திட்டாமல், அதன் வேகத்துக்கு இறங்கி வந்து கைகொடுத்த தாய்மார்களின் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் படிப்பில் நன்றாக இருந்தார்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிறைமாதப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாததால் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்ற பெயரில் இதை இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். 1993-96-ல் அங்கே பிறந்த குழந்தைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, அப்படி வளர்ந்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, முரட்டுத்தனமும் குறைவு. பிறந்த முதல் வாரங்களில் செய்த ஒரு காரியம் வகுப்பறை வரை நீண்டிருக்கிறது.

இந்தியாவிலும் இப்படிப் பொறுமையாகப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. புனே நகரில் 1987-லிருந்து 1989 வரை இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்து தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைகளை, டாக்டர் சுதா சௌதரியின் குழு பதினெட்டு வயது வரை கவனித்தது. பன்னிரண்டு வயதில் அவர்களுடைய சராசரி நுண்ணறிவு இயல்பான எல்லைக்குள்தான் இருந்தது; ஆனாலும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. வாசிப்பிலும் கணக்கிலும், கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலைகளிலும் தடுமாற்றம். லெஸ்டரில் கண்டதையே புனேவும் சொல்லியிருக்கிறது. பிள்ளை புத்திசாலிதான், பள்ளி எதிர்பார்க்கும் வடிவத்தில் அதைக் காட்டத்தான் முடியவில்லை.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு கணக்கு தமிழ்நாட்டுக்கு நெருக்கமாகவே பொருந்தும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் பள்ளிப் பதிவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு அது; 2010-ல் வெளியானது. குறைமாதத்தில் பிறந்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்குக் கற்றலில் தனி உதவி தேவைப்பட்டது; நிறைமாதத்தில் பிறந்தவர்களில் 4.7 சதவீதம். ஆச்சரியம் அதற்குள்ளே இருந்தது. 37-லிருந்து 39 வாரத்துக்குள் பிறந்தவர்களிடமும், 40-ல் பிறந்தவர்களைவிட இந்தத் தேவை சற்றே கூடியிருந்தது. ஒரு குழந்தைக்கு அந்த அபாயம் மிகச் சிறியது. ஆனால் இந்த வாரங்களில் பிறக்கும் குழந்தைகள் ஏராளம் என்பதால், மொத்தக் கணக்கில் குறைமாதப் பிறப்பைவிட இதுவே அதிகப் பிள்ளைகளைத் தொட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்றால் டாக்டர் சொல்லும் வாரத்தில் எடுத்தே ஆக வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஜோசியரிடம் நாள் குறித்து வாங்கிக்கொண்டு 37-வது வாரத்திலேயே "இந்த முகூர்த்தத்துல எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பது வேறு. அந்தக் கடைசி வாரங்களும் குழந்தையின் மூளைக்குச் சேர வேண்டியவை.

பிறந்தாகிவிட்ட குழந்தைக்கு நம் ஊரில் என்ன இருக்கிறது? 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் எல்லோரையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தனியார் நர்சரிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் குழு வராது. அவர்களுக்குப் பெற்றோர்தான் கண்.

பெற்றோர் செய்யக்கூடிய முதல் காரியம் மிக எளிது. குழந்தை பிறந்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் எங்கோ இருக்கும். அதில் எத்தனையாவது வாரம், எவ்வளவு எடை, எத்தனை நாள் தீவிர சிகிச்சையில், மூச்சுக்கருவி வைத்தார்களா, மூளை ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கும். எல்.கே.ஜி. சேர்க்கும்போதே அதன் ஒரு நகலை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துப் பேச வேண்டும். பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களோ என்று பல பெற்றோர் மறைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் காரணம் தெரியாத ஆசிரியர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடிப்பார். அது பெரும்பாலும் 'சோம்பேறி' என்பதாகத்தான் இருக்கும். பள்ளிகளும் தங்கள் பங்குக்கு, சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகைக்குக் கீழே 'எத்தனையாவது வாரத்தில் பிறந்தது' என்று ஒரு வரி சேர்க்கலாம்.

மேல் வகுப்புகளில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. குறைமாதப் பிள்ளை பல சமயம் இந்தப் பெயர்கள் எதிலும் முழுசாக அடங்காது. எழுத்து வாசிக்கத் தெரியும், எண் தெரியும். வேகமும் கவனமும் நினைவும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். எந்தச் சோதனையிலும் எல்லைக் கோட்டுக்கு ஒரு புள்ளி மேலேயே நின்றுவிடும். சான்றிதழ் கிடைக்காது.

இதை விட்டுவிட்டால் அதன் விலை பள்ளியோடு தீர்வதில்லை. பிரிட்டனில் 1958-லும் 1970-லும் பிறந்த ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளை வைத்து 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்கள் 42 வயதில் சராசரியாகக் கொஞ்சம் குறைந்த வசதியோடு இருந்தார்கள். அந்த வித்தியாசத்துக்கும் சின்ன வயதில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. அந்த மதிப்பெண்ணோ, ரஃப் தாளும் எண்கோடும் கட்ட நோட்டும் இன்னும் கொஞ்சம் நேரமும் கொடுத்தால் ஏறக்கூடியது. அதற்கு எந்த மருத்துவச் சான்றிதழும் வேண்டாம். மூன்றாம் வகுப்பு டீச்சர் நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.